முதலாளியின் பெருந்தன்மை

ஆலப்புழை நகரத்துக்கென்று கலைக்களஞ்சியம் தயாராகிறது, அதில் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் இடம் கேட்க வேண்டும் என்று செயலாளர் சஜீவன் வந்து நின்றபோது, பெண்ணம்மா மத்தி மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஒரு படுக்கைக்கு உறை மாற்றியறியாதவன், ஒரு கழிப்பறையைத் தேய்த்தறியாதவன், கட்சி அலுவலகத்திலிருந்து நேராக வந்து செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவன். அவன் முகத்துக்கு மீன் முகம் எவ்வளவோ தேவலை.

“புஸ்தகத்துல பேரு வந்துட்டா ஓட்டல்காரன் உன்னைக் கண்டதும் எந்திரிச்சு நிப்பானாடா?”

“அப்படிச் சொல்லாதீங்க சேச்சி, நம்ம சரித்திரமாச்சே. என் போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்.”

“உன் போட்டோவா? ஸ்டிரைக் நடந்தப்ப நீ பொறந்திருந்தியா?”

பிறந்திருக்கவில்லை. அது எண்பத்தெட்டாம் வருஷம். லேக் மெஜஸ்டி ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு மதியச் சாப்பாடு என்பது விருந்தாளிகள் தின்று மிச்சம் வைத்தது. வழித்துக் கொட்டிய அலுமினியப் பாத்திரத்தைப் பின்கட்டில் வைப்பார்கள். ஒருநாள் பெண்ணம்மாவின் மீன்கறியில் சிகரெட் துண்டு கிடந்தது. தட்டோடு எடுத்துப் போய் மேனேஜரின் மேசைமேல் வைத்தாள். “சாரே, நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க, அப்புறம் நாங்க சாப்பிடுறோம்” என்றாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அதற்கு மறுநாள் யாருமே வேலைக்குப் போகவில்லை; சங்கம் பிறந்தது அன்றுதான். ஆனிமாத மழையில் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு எதிரே மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்று, நாற்பத்தோரு நாள் உட்கார்ந்தார்கள். புதிதாக வடித்த சோறு, உட்கார்ந்து தின்ன ஒரு அறை, வாரம் ஒருநாள் விடுப்பு, மூன்றும் கிடைத்தன. எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்ட முதலாளி பெண்ணம்மாவை மட்டும் எடுக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு லாட்ஜில் விரிப்பு துவைத்தே அவள் கிழவியானாள்.

களஞ்சியக்காரர்கள் சங்கத்தை விசாரிக்கக் கூப்பிட்ட கூட்டத்துக்குப் போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். போடும்போதே தன்மேல் அருவருப்பு வந்தது. இந்த வயதில் இதற்கு ஆசையா? ஆசைதான்.

நூலக மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேராசிரியர் உண்ணித்தான், களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். சங்கம் அனுப்பிய தாளை இரண்டு விரலால், ஈரத்துணியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

“முக்கியத்துவம்னு ஒண்ணு இருக்கு இல்லையா? வெளியாளுங்க உங்களைப் பத்தி எழுதியிருக்கணும். நீங்களே உங்களைப் பத்திச் சொல்றது ஆதாரம் ஆகாது. பத்திரிகையில வந்ததா?”

சஜீவன் ஒரு துணுக்கை நீட்டினான். ‘ஊழியர் தகராறு: விருந்தாளிகள் அவதி’ என்று நான்கு வரி. சங்கத்தின் பெயர்கூட இல்லை.

“இது போதாது” என்றார் உண்ணித்தான். “எச்சில் தட்டு கழுவுறவங்க கூடிப் பேசினதெல்லாம் களஞ்சியத்துல வந்தா, அப்புறம் களஞ்சியம் எதுக்கு?”

“அந்த ஓட்டலைப் பத்தி எழுதியிருக்கீங்களா சாரே?” என்று கேட்டாள் பெண்ணம்மா.

எழுதியிருந்தார்கள், ஒன்றரைப் பக்கம். அவரே பெருமையாகப் படித்தார். கூடத்தில் தொங்கும் பெல்ஜியம் விளக்கு, முதலாளியின் தாத்தா வைத்த மாமரங்கள், அவர் வளர்த்த நாயின் ஜாதி. கடைசியில்: ‘ஊழியருக்குத் தனி உணவறையும் வார விடுப்பும் அளித்த முதல் ஓட்டல். முதலாளியின் பெருந்தன்மைக்கு இது சான்று.’

பெண்ணம்மா சிரித்துவிட்டாள். ஐந்து பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

“இதுக்கு என்ன ஆதாரம் சாரே?”

“முதலாளி குடும்பம் அச்சடிச்சுக் குடுத்த ஓட்டல் விழா மலர்ல இருக்கு.”

“ஓ. அவங்க அவங்களைப் பத்திச் சொன்னா மட்டும் ஆதாரம்!”

பக்கத்திலிருந்தவர் இருமினார். உண்ணித்தானின் காது சிவந்தது. “அம்மச்சி, உட்காருங்க. ஞாபகத்தை நம்பிச் சரித்திரம் எழுத முடியாது.”

அவள் பையிலிருந்து, ஸ்டிரைக் முடிந்ததும் வந்த தன் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ‘சாப்பாடு தொடர்பாகச் சங்கத்தின் பெயரால் கலகம் தூண்டியதற்காக’ என்று முதலாளியே கையெழுத்துப் போட்டிருந்தார். “என் ஞாபகம் வேண்டாம். அந்தப் பெருந்தன்மைக்காரரோட கையெழுத்தைப் பாருங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பரிசீலிப்பதாகச் சொன்னார்.

பரிசீலித்து ஒரு வரி கொடுத்தார்கள், தனிப் பதிவாக அல்ல, ஓட்டலின் பக்கத்திலேயே. ‘அக்காலத்தில் சில தொழிலாளர் சலசலப்புகளும் இருந்தன.’ பெருந்தன்மை அப்படியே இருந்தது. சஜீவன் அதற்கே பூரித்து, கலைக்களஞ்சியத்தில் நம் சங்கம் என்று தன் படத்தோடு முச்சந்தியில் பேனர் கட்டினான். பாராட்டுவிழா வைத்து, பொன்னாடையோடு பெண்ணம்மாவை மேடைக்கு அழைத்தான்.

“அதை மடிச்சு வைடா, யாராவது மந்திரி வந்தா உதவும்” என்றாள் அவள். “சலசலப்பாமே! நாப்பத்தோரு நாள் மழையில நனைஞ்சது உனக்குச் சலசலப்பா? அதுக்குக் கைதட்டுறியே, வெக்கமா இல்ல?”

மறுநாள் காலை நேராக உண்ணித்தான் வீட்டுக்குப் போனாள். கேட்டிலேயே நின்று, “அந்த ஒரு வரியையும் எடுத்துடுங்க சாரே. உங்க புஸ்தகத்துல நாங்க இல்லேன்னா ஒரு கேடும் இல்ல. இப்படி இருக்கிறதுதான் கேடு” என்றாள்.

அவர் சந்தோஷமாகவே எடுத்துவிட்டார். அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி மிச்சம். அந்த இடத்தில் மாமரத்துக்கு இன்னொரு வரி சேர்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டபோது பெண்ணம்மா காறித் துப்பினாள். அன்றிரவு மட்டும் கொஞ்சம் அழுதாள், மருமகளுக்குத் தெரியாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அசாமிலிருந்து வந்து லேக் மெஜஸ்டியில் அறை துடைக்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கழிப்பறை அமிலத்தால் விரல்களில் தோல் உரிந்திருந்தது. கையுறை கேட்டால் ஊருக்குப் போ என்கிறார்களாம். சஜீவன் பேனர் ஆசாமியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பெண்ணம்மா அவன் முன்னாலிருந்த தாளை உருவிக்கொண்டு, அந்தப் பெண்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, “உன் பேரு என்ன மோளே? முழுப்பேரைச் சொல்லு” என்று எழுத ஆரம்பித்தாள்.