செருப்போடு நிற்க முடியாத இடம்

பிள்ளைகளே, ஸ்காபரோவில் இருந்து நீங்கள் டிக்கெட் போட்டு அனுப்பிய லிஸ்பனில் நிற்கிறேன். ஆற்றங்கரையில் பழைய போர்த்துக்கேயக் கப்பல்காரர்களைக் கல்லில் செதுக்கி, கடலைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய்க் கொள்ளையடித்தவனுக்கு இவ்வளவு பெரிய சிலை! முன்னால் தரையில் சலவைக்கல்லில் ஓர் உலகப்படம். அவர்கள் போய்ப் பிடித்த இடமெல்லாம் அதில் இருக்கிறது. சனம் பியர்ப் போத்தலோடு அதை மிதித்துக்கொண்டு படம் எடுக்கிறது. உங்கள் அம்மா முட்டைப் பணியாரம் வாங்க வரிசையில் நிற்கிறா.

இங்கேயும் ஊர் சுற்றிப்பார்க்க ஓட்டோ ஓடுகிறது; எங்களை ஏற்றி வந்த ஓட்டோக்காரர் சுதன் பருத்தித்துறை ஆள்.

"அண்ணை, இலங்கையிலை நில்லுங்கோ, ஒரு படம் எடுத்துவிடுறன்."

"கள்ளன் தன்ரை முற்றத்திலை எங்கடை வீட்டைக் கீறி வைச்சிருக்கிறான். அதிலை நிண்டு பல்லைக் காட்டச் சொல்லுறீரோ?"

அவர் சிரிக்கிறார். "நான் அடிக்கடி நிக்கிறனான் அண்ணை. அகதிக் கேஸ் முடியேல்லை, ஊருக்குப் போனால் திரும்பி விடமாட்டாங்கள். அம்மா எப்ப வாறாய் எண்டு கேட்டால், உதிலை நிண்டு படமெடுத்து, 'வந்திட்டன், சோத்தைப் போடுங்கோ' எண்டு அனுப்புவன்."

"அவ என்ன சொல்லுவா?"

"'செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வா' எண்டுவா."

வேறு ஆட்களை ஏற்ற அவர் போய்விடுகிறார். அம்மா இன்னும் வரிசையில்தான். நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இலங்கையில் நிற்கிறேன். வெயிலில் கல் சுடுகிறது. ஒரு காலுக்குத்தான் இடம் இருக்கிறது.