பதினேழாம் எண் வண்டி எங்கே போனது?

ரயில் நிலையத்தில் வண்டிகளின் வருகையை அறிவிப்பது அவள் வேலை. வண்டி சரியான நேரத்துக்கு வந்தாலும், பாதி வழியில் படுத்துக்கொண்டாலும் அவள் குரல் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். வீட்டிலும் அப்படியே. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள் சொன்ன அழகில், யாரும் நாற்காலியை விட்டு எழவே இல்லையாம். அண்ணி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். குடும்பத்தில் அவளுக்கு 'மைக்' என்றே பெயர்.

கல்யாணம் சரிப்பட்டு வராமல் போனபிறகு அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். தனிச் சமையல், தனிச் சாவி. வேலை முடிந்து வந்தால் ஒரு டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று யோசிப்பாள். எதிர்வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் ஒரு காலி வாளியோடு வெளியே போய்க் காலி வாளியோடு திரும்புவார். அது ஏன் என்று தெரிந்துகொள்ள அவள் ஒரு வாரம் அவர் பின்னாலேயே நடந்திருக்கிறாள். அப்படிப்பட்டவள்.

அண்ணன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் எலும்பு, மாலையெல்லாம் பழைய கார். பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் படச்சுருள்களை வாங்கி, அந்தக் கால கார்ப் பந்தயங்களை வீடியோவாக மாற்றி இணையத்தில் போடுவார். அவற்றை அண்ணி ஒருமுறை பார்ப்பாள். அண்ணியின் போனை எடுத்து அவரே இன்னொருமுறை பார்ப்பார். கூட்டம் அவ்வளவுதான்.

"படத்துல சத்தமே இல்ல. நான் பேசினா நோயாளிகிட்ட மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்ற மாதிரியே இருக்கு. நீ கொஞ்சம் பேசிக் குடேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் வந்து நின்றார்.

"எனக்குக் காரைப் பத்தி என்னண்ணா தெரியும்? முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியும், அவ்வளவுதான்."

"அது போதும்."

அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அவள் பேசினாள். 'ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் நான்கு, இரண்டாம் வளைவிலிருந்து நேர்ப்பாதை வழியாகச் செல்லும் வண்டி, இன்னும் சில நொடிகளில் வைக்கோல் கட்டில் மோதும் என எதிர்பார்க்கப்படுகிறது.' வண்டி எண் நான்கு அதேபோல் மோதியது. வைக்கோல் பறந்தது. 'ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்றாள் அவள்.

அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. கார்ப் பைத்தியங்கள் பார்த்தார்கள், கார் என்றால் என்னவென்றே கவலைப்படாதவர்களும் பார்த்தார்கள். அண்ணன் வாயெல்லாம் பல்லாக மருத்துவமனைக்குப் போய்வந்தார்.

நான்காவதோ ஐந்தாவதோ வீடியோவுக்குப் பேச உட்கார்ந்தபோதுதான் பதினேழாம் எண் அவள் கண்ணில் பட்டது. விமானங்கள் இறங்காமல் விட்டுப்போன ஓர் ஓடுதளத்தில், எப்போதோ நடந்த பந்தயம். யாரோ ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து படம்பிடித்திருந்தார்கள். வெள்ளை நிறத்தில், மேற்கூரை இல்லாத குட்டி வண்டி ஒன்று மற்ற வண்டிகளின் வாலைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு வரவில்லை.

"அண்ணா, பதினேழு எங்க?"

"எங்கயாவது நின்னிருக்கும். ஜெயிக்கிறதைப் பாரு, அதோ பச்சை வண்டி."

"நின்னா ஓரத்துல தெரியணுமே. தெரியலையே. எங்க ஸ்டேஷன்ல ஒரு வண்டி வரலன்னா சும்மா விட்டுடுவோமா?"

அண்ணன் படத்தைப் பின்னால் ஓட்டினார். அவர் கவனித்ததே இல்லை. அன்றைய வீடியோவின் முடிவில் அவள் தன் வழக்கமான குரலில், வண்டி எண் பதினேழு பற்றிய தகவல் இதுவரை கிடைக்கவில்லை என்று அறிவித்தாள். அதோடு தீ பற்றிக்கொண்டது. ஆளாளுக்கு ஒரு கதை எழுதினார்கள். இன்ஜின் வெடித்தது என்றார் ஒருவர். பள்ளத்தில் விழுந்தது என்றார் இன்னொருவர். யாரோ ஒருவர் 'மாவீரருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுத, கீழே நூற்றுக்கணக்கில் பூக்கள் குவிந்தன.

மைக்குக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் யாரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லையே. ஒரு வண்டி வெடித்திருந்தால் வேடிக்கை பார்க்காத மனிதன் உண்டா? அண்ணனை உட்காரவைத்து, படத்தைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டச் சொன்னாள். எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடும் கண் அவருக்கு. கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். மூன்றாம் வளைவில் வரிசையாக இருந்த வைக்கோல் கட்டுகளில், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி. பொக்கைவாய் மாதிரி.

அடுத்த விடுமுறையில் இருவரும் அந்த இடத்துக்கே போனார்கள். ஓடுதளத்தில் இப்போது லாரிகளை நிறுத்திவைக்கிறார்கள். காவலாளியிடம் எக்ஸ்ரே, ரயில், வீடியோ என்று என்னவெல்லாமோ சொல்லி உள்ளே நுழைந்து, மூன்றாம் வளைவு இருந்த இடத்தில் நின்றாள். நேரே பார்த்தாள். சுற்றுச்சுவரில் ஓர் இரும்புக் கதவு. அதற்கு அப்பால் நெடுஞ்சாலை.

"பிரேக் பிடிக்கலன்னா இப்படியே நேரா ரோட்டுக்குத்தான் போகும்" என்றார் அண்ணன்.

"சரி, ரோட்டுக்குப் போச்சு. அப்புறம்?"

அதையே வீடியோவாக்கிப் போட்டார்கள். அதற்கு வந்த கருத்துகளுக்கு நடுவே ஒன்று இருந்தது: 'எனக்காக யாரும் அழ வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கடைக்கு வந்தால் சொல்கிறேன்.' கீழே ஒரு பூட்டு சாவிக் கடையின் முகவரி.

கடையில் இருந்தது ஒரு பெண்மணி. எழுபதைத் தாண்டியிருப்பார். மூக்கின் நுனியில் கண்ணாடி, கை நிறைய சாவிக்கொத்து.

"மாவீரர்னு எழுதினவங்க யாரும் நான் பொம்பளையா இருப்பேன்னு நினைக்கல, இல்ல?" என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. உன் குரல்தான் எனக்குத் தெரியும், முகம் இப்பதான் பாக்குறேன்."

மைக் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒன்றுக்கும் தேவை இருக்கவில்லை. அவரே கொட்டிவிட்டார்.

வண்டி அவரும் கணவரும் சேர்ந்து ஒட்டுப்போட்டது. மூன்றாவது கியர் போட்டால் நிற்காது, தானாக வெளியே வந்துவிடும். அன்று மூன்றாம் வளைவில் பிரேக் கைவிட்டது. வைக்கோலைத் தள்ளிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே வண்டி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது.

"நிறுத்தித் திரும்பியிருக்கலாமே அம்மா?" என்றார் அண்ணன்.

"எப்படி நிறுத்துறது? நின்னா முன்னாடி கிராங்க் கம்பியைச் சுத்த ஒருத்தர், உள்ள உட்கார்ந்து மிதிக்க ஒருத்தர் வேணும். நான் ஒத்த ஆளு. இன்னொண்ணு, மூணாவது கியர் போட்டேன் பாருங்க, வெளிய வராம நின்னுடுச்சு! மாசக்கணக்கா எங்க உயிரை வாங்கின கியர். வழுக்கிட்டுப் போகுது வண்டி. காத்து மூஞ்சில அடிக்குது. இதை எதுக்கு நான் சுத்திச் சுத்தி ஓட்டணும்? நேரா போனேன். உப்பளம் வரைக்கும் போனேன். பெட்ரோல் தீர்ந்துச்சு, நின்னேன். ஒரு உப்பு லாரி கட்டி இழுத்துட்டு வந்துச்சு."

"வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் மைக்.

"வீட்டுக்காரர் ஓடுதளத்தைச் சுத்தி இருந்த புதரெல்லாம் என்னைத் தேடி, முள்ளு கிழிச்சு, அழுது முடிச்சிருந்தார். நான் லாரியில இருந்து இறங்கினதும் வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்புறம் ஒரு வாரம் பேச்சே இல்ல. பேசினப்ப முதல் கேள்வி என்ன தெரியுமா? மூணாவது கியர் நின்னுச்சான்னு."

கடையின் உள்ளே, சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த முதியவர் தலையை நிமிர்த்தினார். "நின்னுச்சுன்னு இவ சொல்றா" என்றார். "நான் இன்னும் நம்பல."

மைக் சிரித்தாள். சத்தமாக, குரல் ஏறி இறங்கிச் சிரித்தாள். அண்ணன் தங்கையை ஒருமாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வெள்ளை வண்டி எப்போதோ கைமாறி, கைமாறிப் போய்விட்டது. ஆனால் உப்பளத்துக்குப் போகிற சாலை அங்கேயேதான் இருந்தது. அந்தம்மாவை வைத்து அதே வழியில் ஒரு வீடியோ எடுக்கலாமா என்று மைக் கேட்டாள். அண்ணனின் காரில், அண்ணன் ஓட்ட, அந்தம்மா பக்கத்தில், மைக் பின்னால் கேமராவோடு என்பது ஏற்பாடு. இரும்புக் கதவைத் தாண்டிச் சிறிது தூரம்கூடப் போகவில்லை.

"தம்பி, கிளட்சை மெதுவா விடுங்க. கியர் அழுவுது" என்றார் அந்தம்மா. பிறகு, "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்."

அண்ணன் நிறுத்தினார். நிறுத்தியது தப்பு. அவர் பின்சீட்டுக்கு வந்தார், அந்தம்மா ஓட்டுகிற சீட்டுக்கு மாறினார், மைக் முன்னால் போனாள், வண்டி கிளம்பியது. அதுவரை எழுதிவைத்த காகிதம் இல்லாமல் அவள் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று காகிதம் பின்சீட்டில் எங்கேயோ பறந்தது. "லாரியைத் தாண்டுறாங்க, தாண்டிட்டாங்க, ஐயோ, வளைவு, வளைவு வருது! பாத்துங்கம்மா!" என்று தொண்டை கட்டக் கத்தினாள். பின்னால் அண்ணன் இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, தன் காரின் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தது வீடியோவில் தெளிவாகக் கேட்கும். அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

உப்பளத்தின் முன்னால் வண்டி நின்றது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று அந்தம்மா கேட்டார்.

"தெரியாதும்மா. இதுவரைக்கும் தேவைப்படல."

"கத்துக்கணும்னு இருக்கா?"

மைக் கைநீட்டி கியர் குச்சியைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் சூடாக, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "இதுல மூணாவது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை பாஸ். இப்போது ரயில் நிலையத்துக்கு அண்ணனின் காரைத் தன் கையால் ஓட்டிக்கொண்டு போகிறாள், பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே.