ஜெர்மனியில் கேட்ட ஒப்பாரி

என் சித்தப்பன் மகள் சம்பூர்ணத்துக்கு ஒரே பெண், ஏஞ்சல். ஏனாத்தூருக்குப் பஸ்ஸில் போய்வந்து நர்ஸ் படிப்பு முடித்தவள். இப்போது ஜெர்மனியில், வயசானவர்கள் விடுதியில் வேலை. போன பிப்ரவரியில் அவள் இருக்கும் ஊரில் உலகப் படவிழா நடந்தது. நம் தாமல் ஏரிக்கரையில் எடுத்த படமும் அதில் இருக்கிறது என்று தெரிந்ததும் லீவு சொல்லிவிட்டு டிக்கெட் வாங்கிவிட்டாள்.

வாங்காமல் இருப்பாளா? அந்தப் படத்தில் சம்பூர்ணம் ஒப்பாரி வைத்திருக்கிறாள். சாவு வீட்டில் அவள் வாயெடுத்தால் பாடை தூக்க வந்தவனும் உட்கார்ந்துவிடுவான்.

"நூறு பேர் நின்னாங்களே, எல்லாரையுமா காட்டுவான்? உன்ன வெட்டிப் போட்டிருப்பான், போ" என்று அவள் அண்ணன் இளங்கோவன் ஒரு வருஷமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

வெட்டியிருக்கக் கூடாது என்று சம்பூர்ணத்துக்கு ஆசை. வந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். படத்தில் பிணமாகப் படுத்தவர் சென்னைக்காரர். "முன்னபின்ன தெரியாத ஆளுக்கு எப்டிப்பா அழறது?" என்று கேட்டவள், கண்ணை மூடிச் செத்துப்போன தன் புருஷன் தாவீதை நினைத்துக்கொண்டாள். புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் கோடிப் புடவை கொண்டுவர வேண்டும். ஏதோ மனஸ்தாபத்தில் இளங்கோவன் அன்றைக்கு வரவும் இல்லை, கோடி கொடுத்தனுப்பவும் இல்லை. ஏழு வருஷமாக அடக்கிவைத்தது கேமரா முன்னால் பாட்டாக வந்துவிட்டது. நூறு பேர் அழுத சத்தத்தில் அவள் என்ன பாடினாள் என்று ஊரில் யார் காதிலும் விழவில்லை; இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

படம் முடியும் நேரம் பார்த்து, சாயங்காலமே அவள் வீட்டில் கூடிவிட்டோம். எட்டரைக்கு வீடியோ கால் வந்தது. பனியில் நின்றபடி ஏஞ்சல் மூச்சு வாங்கினாள்.

"யம்மா, படத்துல நீ வந்துட்டம்மா! முழுசா நாலு நிமிஷம்! எல்லாரும் அசையாம உக்காந்துக்கினு இருந்தாங்க. பக்கத்து சீட்டு வெள்ளைக்காரம்மா என் கையப் புடிச்சிக்கினு அழுவுது. நான் எழுந்து, 'அது எங்கம்மா'ன்னு கத்திட்டேன்!"

இளங்கோவன் போனைப் பிடுங்கினார். "நெசமாவா? என்னா பாடுனா?"

"உன்னைத்தான் மாமா! கீழ இங்கிலீஷ்ல எழுதியே போட்டாங்க." அங்கேயே பாடிக் காட்டினாள்.

*"தாமலு ஏரி நெறஞ்சிருக்க – என்
தாய்வீட்டுக் கோடி வரலியே!
எட்டூரு சனமும் வந்திருக்க – என்
இளங்கோவ அண்ணன் வரலியே!"*

சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இளங்கோவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை தட்னாங்களா?"

"எழுந்து நின்னு தட்னாங்க மாமா."

"அந்த எடத்த மட்டும் வெட்டச் சொல்லும்மா. நான் இப்பவே போயி பொடவ எடுத்தாந்துடறேன்."

"படத்துல இனிமே வெட்ட முடியாதுண்ணா" என்றாள் சம்பூர்ணம். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நீ போயி எடுத்துக்கினு வா. அடுத்த படத்துல மாத்தி அழுவுறேன்."

ஏஞ்சல் சிரித்த சிரிப்பில் போனில் படமே குலுங்கியது. இளங்கோவன் செருப்பைத் தேடினார். கடை சாத்த இன்னும் அரை மணி நேரம் இருந்தது.