மருதை மாமா மெயினை இறக்கினார்

சென்ற சனிக்கிழமை மத்தியானம் என் லெப்டொப் செத்துப்போனது. இடி விழுந்து சாகவில்லை. இடி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் செத்தது.

இது விளங்க வேண்டுமானால் உங்களுக்கு மருதை மாமாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டகொடைப் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீடு அவருடையது. பல வருடங்களுக்கு முன் ஒரு மின்னல் வந்து, லயத்திலிருந்த டீவி எல்லாவற்றையும் ஒரே அடியில் கரியாக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து முதல் இடி உறுமியதும் மாமா கிளம்பிவிடுவார். எங்கள் மெயின் சுவிட்சுகள் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்துச் சுவரில் இருக்கின்றன. இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை ஓடி, ஒவ்வொரு வீட்டு மெயினையும் இறக்கிக்கொண்டே போவார். யாரிடமும் கேட்க மாட்டார். சோறு பாதி வெந்திருக்கிறதா, நாடகத்தில் கதாநாயகி பாதி அழுதிருக்கிறாளா... அவருக்குக் கவலையில்லை. நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை. மாமா ஓடத் தொடங்கிய பிறகு லயத்தில் ஒரு பல்புகூடக் கருகியதில்லையே!

என் லெப்டொப்பின் பெட்டரி எப்போதோ போய்விட்டது. வயரைப் பிடுங்கினால் மூச்சு நின்றுவிடும். பெட்டரியை மாற்றுவதுதானே என்கிறீர்களா? தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த மொடலுக்கு இப்போது கிடைப்பதில்லை.

சனிக்கிழமை அது தானாகவே அப்டேட் போட ஆரம்பித்தது. நான் கேட்கவில்லை. "கம்பியூட்டரை அணைக்காதீர்கள்" என்று திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே இடி. இஸ்தோப்பில் தடதடவென்று கால் சத்தம்.

டப்!

அவ்வளவுதான். மழை விட்டு, கரண்ட் போட்டு, லெப்டொப்பை அமுக்கினால் மறுபடி அதே வட்டம். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதும் கட்டுரைகள் போனால் போகட்டும். உங்களில் பலர் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் அதற்குள் ஒரு கல்யாணமே மாட்டிக்கொண்டிருந்தது.

என் தம்பி ரவி கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவன். படங்களைச் சரிசெய்வது என் லெப்டொப்பில்தான். கடைசியாக எடுத்தது கோகிலாவின் கல்யாணம். கோகிலா யார்? மருதை மாமாவின் மகள்.

ஆமாம். சொந்த மகளின் கல்யாணப் படங்களைத்தான் மாமா டப்பென்று அணைத்திருந்தார்.

"கேமரா கார்டுல இருக்கும்தானடா?" என்று ரவியைக் கேட்டேன்.

அவன் கூரையைப் பார்த்தான். "மறுநாள் ஒரு ஞானஸ்நானம் இருந்துச்சுக்கா. கார்ட கிளியர் பண்ணிட்டேன்."

"ஒன்ன கிளியர் பண்ணணும்டா நானு!"

கோகிலா ஓடிவந்தாள். கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. அவள் புருஷன் வியாழக்கிழமை டுபாய்க்குப் புறப்படுகிறான். இனி லீவில் வரும்போதுதான் பார்க்கலாம்.

"அவரு போன்ல போட்டுக் கொண்டுபோறதுக்கு வேற படமே இல்லக்கா. அன்னைக்கு எல்லாரும் போன உள்ள வைங்கன்னு ரவி அண்ணன்தான கத்துனாரு, படத்துல மறைக்குதுன்னு!"

ரவி இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயந்தரமே டவுனில் ஒரு கம்பியூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைப் பையன் திறந்து பார்த்தான். "ஃபோமட் பண்ணணுங்க. உள்ள இருக்கது எல்லாம் போயிரும்" என்றான். "எப்படியும் புது விண்டோஸ் இதுல ஏறாது. எங்க வச்சுப் பாவிக்கிறீங்க?"

"வீட்டுல."

"வீடு எங்க?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"லயத்துலயா? அங்க எதுக்குங்க லெப்டொப்பு? ஒரு போன் இருந்தாப் போதுமே!"

எனக்கு எங்கே சுடும் என்று உங்களுக்குத் தெரியும். லெப்டொப்பைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டேன். "தம்பி, நீ குடிக்கிற தேத்தண்ணிக்குக் கொழுந்து எங்கருந்து வருது? லயத்துல இருக்கவங்களுக்கு என்ன வேணும்னு நீ சொல்லாத" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் பேசியது அதிகம்தான். திரும்பப் போய் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் டிக்கோயா பிரான்சிஸ் ஞாபகம் வந்தார்.

புது விண்டோஸ் என் லெப்டொப்பில் ஏறாது என்று போன மாதம் இதே பத்தியில் நான் கத்தியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுப் போன் பண்ணியவர் அவர். டியூஷன் மாஸ்டர். "அக்கா, தூக்கி வீசாதீங்க. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க. அது இனாம். பழைய மெஷின்லயும் நல்லா ஓடும்" என்றார். இனாமாக வருவது எதுவும் உருப்படாது என்று நான் அன்று அவரைக் கடித்து அனுப்பியிருந்தேன். இப்போது நானே போன் பண்ணினேன். மனிதர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்க அக்கா. ஃபோமட்டுக்கு மட்டும் குடுத்துடாதீங்க. லினக்ஸ இன்ஸ்டோல் பண்ணக்கூட வேணாம். ஒரு பென் டிரைவ்ல போட்டு அனுப்புறேன். அதுல இருந்தே ஓடும். அப்படியே உள்ள போய்ப் படத்த எடுத்துக்கலாம்."

எப்படி அனுப்புவார்? எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் எப்படி அனுப்புகிறோமோ, அப்படித்தான். பஸ்ஸில். திங்கட்கிழமை தலவாக்கலையில் காத்திருந்தேன். ஹட்டன் பஸ் வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாக ஒரு நெருப்புப் பெட்டியை நீட்டினார். சுற்றிலும் டேப் ஒட்டி, என் போன் நம்பர் எழுதியிருந்தது.

"ஏங்க, தலவாக்கலையில நெருப்புப் பெட்டிக்குத் தட்டுப்பாடா?"

"உள்ள கம்பியூட்டர் இருக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலையைத் தொடங்குவதாகத்தான் திட்டம். எங்கள் மலையில் இந்தக் காலத்து இடி மத்தியானத்துக்கு மேல்தான் வரும். ஆனால் ரவி படங்களை ஏற்றிக்கொள்ளப் பெரிய டிரைவ் ஒன்று இரவல் வாங்கப் போய், வந்து சேர மத்தியானமாகிவிட்டது. மருதை மாமா எங்கள் வீட்டு இஸ்தோப்பில் மெயின் சுவிட்சுக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். முகம் செத்துப்போயிருந்தது. மகள் சனிக்கிழமையிலிருந்து அவரோடு பேசவில்லை.

"ராணி, இன்னைக்கு எவன் இடிச்சாலும் நான் இதத் தொட மாட்டேன்."

"தொடுங்க மாமா. இடிச்சா இறக்குங்க. போட்டோவ விட உசுரு பெருசு."

பிரான்சிஸ் போனில். பென் டிரைவைச் செருகி லெப்டொப்பை அமுக்கினேன். வட்டம்தான் வந்தது.

"F12-ஐ அமுக்குனீங்களா அக்கா?"

"ஒரு தடவ அமுக்குனேன்."

"ஒரு தடவ இல்லக்கா. பஸ் பெல் அடிக்கிற மாதிரி விடாம அடிங்க!"

அடித்தேன். ஒரு சின்னப் பட்டியல் வந்தது. அதில் பென் டிரைவைத் தேர்ந்தேன். கறுப்பாக ஏதோ எழுத்துகள் ஓடின. பிறகு... அமைதியாக ஒரு பச்சைத் திரை. வட்டம் இல்லை. அதைச் செய் இதைச் செய் என்ற மிரட்டல் இல்லை. பழைய டிஸ்க் ஓரமாக ஒரு பெட்டி போலத் தெரிந்தது. தட்டினேன். படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்றது. படித்தால் போதுமடா சாமி!

"கோகிலா கல்யாணம்." ரவி வைத்த பெயரோடு, வைத்த இடத்திலேயே இருந்தது.

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ரவி கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். படங்கள் இரவல் டிரைவுக்கு ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. பாதி ஏறியிருக்கும்.

மேற்கே உறுமியது.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. மாமா வாசலில் வந்து நின்று மகளைப் பார்த்தார். இன்னொரு உறுமல், கொஞ்சம் கிட்டே.

"இறக்குங்கப்பா" என்றாள் கோகிலா. சனிக்கிழமைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

டப்!

இறக்கிவிட்டு, வழக்கம்போல மற்ற வீடுகளுக்கும் ஓடினார். லெப்டொப் இருண்டது. நாங்கள் இருட்டில் உட்கார்ந்து, தகரத்தில் மழை கொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கோகிலா பால் விடாத பிளேன்டி போட்டுக் கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை.

மழை விட்டது. மாமா மெயினை ஏற்றினார். நான் லெப்டொப்பை அமுக்கி, பஸ் பெல் அடித்தேன்.

பச்சைத் திரை! எதுவுமே நடக்காதது போல வந்து நின்றது. பழைய டிஸ்கில் நாங்கள் எதுவும் எழுதாததால் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை என்று பிரான்சிஸ் விளக்கினார். பாதியில் நின்ற படத்தை அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏற்றினோம். ஒரு படம் விடாமல் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளை தன் கல்யாணத்தை முழுசாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிளேன் ஏறினான்.

அதற்குப் பிறகுதான் பழைய டிஸ்கைத் துடைத்துவிட்டு லினக்ஸை நிரந்தரமாகப் போட்டேன். பிரான்சிஸ் போனில் சொல்லச் சொல்ல, என் கையால் நானே போட்டேன். இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன்.

குறையே இல்லையா? ஏன் இல்லை! பிரிண்டர் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறது. தமிழ் கீபோட்டைப் பிடித்து உட்காரவைக்க ஒரு நாள் போனது. ரவிக்கு அவனுடைய பழைய போட்டோ சொஃப்ட்வெயார் இல்லை. "இதுல மாப்பிள்ளைகள வெள்ளையாக்குறது எப்படின்னே தெரியலக்கா" என்று புலம்புகிறான். கறுப்பாகவே இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்டேட் நடுவே மெயினை இறக்கினால் லினக்ஸும்தான் படுத்துவிடும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது அப்டேட் என்று இப்போது நான் சொல்கிறேன். காலையில், வானம் தெளிவாக இருக்கும்போது. எங்கள் மலைக்கு மத்தியானம் இடி வரும் என்பது எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். மருதை மாமாவுக்குத் தெரியும்.

மற்றவர்கள் பாவித்து ஒதுக்கியது, காலம் போனது, ஓட்டை உடைசல்... இதெல்லாம்தான் எங்கள் தோட்டங்களுக்கு வந்து சேரும். "லயத்துக்கு இது போதும்" என்பார்கள். அதுவும் இல்லையென்றால், "லயத்துக்கு இது எதுக்கு?" என்பார்கள். இந்த லினக்ஸை எந்தெந்த நாட்டு ஆட்களோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்களாம். வீடு எங்கே என்று அது என்னைக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைப் பையா, இதைப் படிக்கிறாயா? உன்னால் முடியாது என்ற வேலையை, ஒரு நெருப்புப் பெட்டியை வைத்து லயத்தில் செய்து முடித்தோம். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன்.

கோகிலாவின் படங்களில் ஒன்றை என் லெப்டொப்பின் முகப்பில் வைத்திருக்கிறேன். மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்திருக்கிறது. ஓரத்தில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் எதையோ நோக்கி ஓடுகிறார். மண்டபத்து மெயின் சுவிட்ச் அந்தப் பக்கம்தான் இருந்தது.

இதை எழுதி முடிக்கும்போது வெளியே உறுமுகிறது. இஸ்தோப்பில் கால் சத்தம்.

ஓடி வாங்க மாமா... நான் சேவ் பண்ணிட்டேன்!