செருப்பு அலமாரி மேல் ஒரு பன்

முட்டைக்காரரின் மைத்துனி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். அவள் சொன்னதாக முட்டைக்காரர் பேக்கரியில் வந்து சொன்னார்: குழந்தைகள் வயிற்று டாக்டரம்மாவுக்குப் பெரிய விருதாம், கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இனி எதையும் சாப்பிடலாம் என்று கண்டுபிடித்துவிட்டாராம்.

மாவுக்குள் முழங்கை வரை புதைந்திருந்த ரொட்டி மாஸ்டரின் கைகள் அப்படியே நின்றன.

"யாரு, எங்க டாக்டரம்மாவா?"

"வேற யாரு? ஆராய்ச்சிக்குக் கேடயம் குடுத்திருக்காங்களாம். இனிமே உங்களுக்குக் குளியல் மிச்சம்ணே!"

அந்த பேக்கரியில் அவருக்குக் குளியல் அண்ணன் என்றுதான் பெயர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் சட்டையைத் தட்டிவிட்டுக் கிளம்புவார்கள். இவர் பின்பக்கக் குழாயடியில் தலைமுழுகி, நக இடுக்கைக் குச்சியால் சுரண்டி, பையில் கட்டி வைத்த மாற்றுடையைப் போட்ட பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்புவார். புதிதாகச் சேருகிறவர்கள், "வீட்ல பொண்ணு பாக்க வராங்களாண்ணே?" என்று கிண்டலடிப்பார்கள். காரணம் தெரிந்த பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

காரணம் அவர் மகள். மூன்று வயதில் வயிறு பானை போல, கைகால் குச்சி போல இருந்தாள். ஒரு டாக்டர் பூச்சி என்றார், இன்னொருவர் வளர வளரச் சரியாகும் என்றார். இந்த டாக்டரம்மாதான் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, கோதுமைதான் எதிரி என்றார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். இவர் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். குடலிலிருந்து எடுத்த துணுக்கை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது இவர் தலையாட்டினார்.

ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுகிறவர், மகளுக்கு மட்டும் அதில் ஒரு விள்ளல் கொடுத்ததில்லை. அன்று கொடுத்த குடல் துணுக்குதான் இப்போது கேடயமாகத் திரும்பி வந்திருக்கிறதோ? மாவுக் கையோடே வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மகள். சொல்லியும் விட்டார்.

"நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான்டா கண்ணு."

சாயங்காலம் தட்டிலிருந்து நன்றாகச் சிவந்த பன் ஒன்றைப் பொறுக்கித் தாளில் சுற்றினார். பழக்க தோஷம், குளித்தும் விட்டார். ஈரத்தலையோடும் கையில் பன்னோடும் தெருவில் நடக்கும்போதுதான் உறைத்தது: பன் வீட்டுக்குள் போகுமென்றால் குளித்தது எதற்கு? குளிக்க வேண்டுமென்றால் பன் எதற்கு?

வாசலிலேயே மனைவி மறித்தாள்.

"அது உள்ள வரக்கூடாது. யாரோ கறுப்பா வாந்தி எடுத்தானாம், அது காக்கா காக்காவா வாந்தி எடுத்தான்னு ஆன கதையா இருக்கு."

அவள் பின்னால் வந்து நின்ற அவள் தம்பி போனில் செய்தியைத் தேடிப் பார்த்தான். "விருது உண்மைதான் மாமா. குழந்தைங்க செரிமான ஆராய்ச்சிக்குத்தான். ஆனா 'புதிய பாதை'ன்னு மட்டும் போட்டிருக்கு."

"பாதைன்னா மருந்தா?"

"மருந்தாவும் இருக்கலாம். நோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்கிற வழியாவும் இருக்கலாம்."

"அப்படி மருந்து வந்திருந்தா, போன தடவை போனப்பவே நம்மகிட்ட சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"மறந்திருக்கலாம்ல?"

"விருது வாங்கறவங்களா மறப்பாங்க?"

"விருது வாங்கறவங்கதான் மறப்பாங்க!"

சொன்னாரே தவிர, அவருக்கே நம்பிக்கையில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. கொடுத்து வயிறு பழையபடி வீங்கினால்? கொடுக்காமல், நிஜமாத்தான் என்று சொன்ன வாயால் இல்லை என்று சொன்னால்?

உள்ளே மகள் கைகழுவிவிட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பன்னை அப்படியே கடிக்கணுமா, பிச்சுப் பிச்சு சாப்பிடணுமா? எனக்குத் தெரியாதே!"

அவர் பன்னைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார். வைத்த கையைச் சட்டையில் துடைக்கப் போய், சட்டென்று நிறுத்தி, அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டார். மறு கையால் டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்துட்டாங்களாப்பா?"

அவர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று அவளுக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.