பழைய பப்பின் புதுக் கூரை

நியூஜெர்சியில் இருநூறு வருஷத்துப் பழைய கிராமத்து பப் ஒன்றை வாங்கி நடத்தினார் ஒரு தமிழ் அங்கிள். நரைத்த குறுந்தாடி, மடிப்புக் கலையாத சட்டை. வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு உத்தரத்தை விரலால் தட்டித் தட்டிக் கதை சொல்வார். ஆணியே அடிக்காமல் அதைக் கோத்த தச்சர்களின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

போன மாதம் அந்தக் கூரையை மாற்றும்போதுதான் என் அண்ணன் விழுந்து செத்தான்.

ஒரு நாள் அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டேன்.

"அங்கிள், இப்ப கூரை போட்டது யாரு? அதையும் சொல்லுங்க."

"தம்பி, அது ஹிஸ்டரி இல்லப்பா. அப்புறம் பேசலாம்."

"எங்கண்ணன் பேராவது தெரியுமா?"

என் தோளில் கை வைத்தார். "கான்ட்ராக்டரோட ஆளுதானே?"

கையைத் தட்டிவிட்டு வெளியேறினேன். எதிரே நுழைந்த குடும்பத்திடம், "வாசல் தாழ்வா இருக்கு, தலை பத்திரம்" என்றார் அங்கிள். அந்த அக்கறை பொய்யில்லை. கூரையில் ஏறிய என் அண்ணனுக்கு மட்டும்தான் அது இல்லை.