மல்லிகா அக்காவின் சாவிக்கொத்து

இன்று மதியம் வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

பஸ் குலுங்கியதில் என் தலை ஆடியிருக்கிறது. பக்கத்து சீட்டில் எங்கள் தெரு மல்லிகா அக்கா. நான் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியும். எனக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது என்று தன் வீட்டுச் சாவிக்கொத்தை என் கையில் திணித்து, விரல்களை இறுக்கி மூடிவிட்டார். பஸ்ஸே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"தூங்கிக்கினு இருந்தேன்க்கா."

"இரும்பு பட்டதும் நின்னுபோச்சு பாரு! அந்த மாத்திரைய வுட்டுடும்மா. தறியிலயும் உக்காராத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அக்கா, நீயும் தறி நெய்யறவதானே? பாவுல எல்லா இழையும் ஒண்ணா மேல ஏறிட்டா குறுக்கு நூல இழுத்துக்கினு ஓடற நாடா நடுவுல எப்டி போவும்?"

"போவாது. பாதி இழை கீழ நிக்கணும்."

"என் மூளையும் அப்டித்தான். நரம்ப கிளப்பிவுட க்ளூட்டமேட்னு ஒண்ணு, அடக்கி நிறுத்த காபான்னு ஒண்ணு. அடக்கறது கொறஞ்சு எல்லாம் ஒண்ணா கிளம்பினா ஃபிட்ஸ். என் மாத்திரை காபா பக்கம். இதுல உன் சாவிக்கு என்னா வேலை?"

"படிச்ச திமிரு!" என்று அக்கா எங்கள் ஸ்டாப்புக்கு முன்னாலேயே, மார்க்கெட்டில் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சாவிக்கொத்து இன்னும் என் கையில்.

சென்னையில் இருக்கும் அவர் மகன் இந்தப் பதிவைப் படிப்பான். தம்பி, அம்மாவுக்குப் போன் போடு. ஆறு மணி வரை நான் தறியில்தான் உட்கார்ந்திருப்பேன். அங்கேயே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.